ஸோதிக்கோஸின் கல்லறையில் இரண்டு பேர்

கோயில் வாசலில் தொங்கும் மரப்பலகையை யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டபோது அந்தூசா திராட்சை மதுவைச் செப்புத் தாம்பாளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூசைக்கு நேரமாகவில்லை. ஊரில் யாரும் இழுத்துக்கொண்டு கிடக்கவும் இல்லை. லிம்னாராவில் அந்தப் பலகை வேளைகெட்ட வேளையில் ஒலித்தால் இரண்டில் ஒன்றுதான். கடல் பக்கமிருந்து கொள்ளைக்காரர்கள் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயர் கோஸ்மாஸுக்குச் சந்தோஷம் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். கோஸ்மாஸ் அப்படிப்பட்ட மனுஷன். ஏரியில் முதல் நாரை இறங்கினாலே பலகையை அடிக்கச் சொல்பவர்.

ரொட்டிக்காரி பெலாகியா முழங்கை வரை மாவோடு ஓடி வந்தாள். சங்கதி என்று ஒன்று கிடைத்துவிட்டால் அடுப்பில் ரொட்டி கருகினாலும் அவளுக்குக் கவலையில்லை.

“அக்கா, ஸோதிக்கோஸ் கல்லறையத் திறக்கப் போறாங்களாம். நாளைக்கு இல்ல, இப்பவே. எலும்பு கழுவ உன்னக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு சாமி.”

மது தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டி அந்தூசாவின் பாதத்தில் வழிந்தது. பெலாகியா அதை ஆனந்தம் என்று நினைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள்.

நான்கு நாளாக ஊரே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து ஊரான பெத்ரூசாவின் ஆயர், பேராயருக்கு மனு போட்டிருந்தார். லிம்னாரா ஓர் ஊரே இல்லை, பாதி வீட்டில் நாணல் முளைத்துக் கிடக்கிறது, இந்தச் சேற்றுக்குத் தனியாக ஓர் ஆயர் எதற்கு, என்னோடு சேர்த்துவிடுங்கள் என்று. விசாரிக்க வந்தவர் மேனாஸ். ஒல்லியான குரு, சிரிக்கவே கூலி கேட்பவர் போன்ற முகம். கோஸ்மாஸ் அவர் முன்னால் நின்று தனக்கு முன்னிருந்த ஆயர்கள் இருபத்துமூன்று பேரின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். மேனாஸ் தன் ஏடுகளைப் புரட்டி, பழைய திருச்சபைச் சங்கக் கூட்டங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் என்று நான்கு பேரை மட்டும் கண்டுபிடித்தார். மிச்சப் பேருக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார். பாதியைக் கொள்ளைக்காரர்கள் கொளுத்தினார்கள், மீதியை எலி தின்றது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? முதல் ஆயர் ஸோதிக்கோஸ், வேற்றுத் தெய்வ அரசன் காலத்தில் காலில் கல் கட்டி ஏரியில் தள்ளப்பட்டுச் செத்தவர், ஊரின் புனிதர், ஏரிக்கரைச் சிற்றாலயத்தில் கிடக்கிறார் என்று கோஸ்மாஸ் மார்தட்டினார். பெத்ரூசாவிலிருந்து கூடவே வந்திருந்த குண்டுக் குரு ஒருவர், அது வெறும் கல்தொட்டி, உள்ளே தவளைதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். கோஸ்மாஸால் பொறுக்க முடியவில்லை. திறந்து பார்த்துவிடலாம் என்று சவால் விட்டுவிட்டார்.

உள்ளே தவளை இல்லை என்று அந்தூசாவுக்குத் தெரியும். உள்ளே அவள் புருஷன் நிகான் இருந்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நிகான் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தான். அப்போதிருந்த பழைய ஆயரின் தம்பி மகள், குயவன் ஒருவனோடு ஊரை விட்டுப் போனாள். பட்டப்பகலில், நிகானின் படகில். எந்தக் கரையில் இறக்கிவிட்டாய் என்று ஆயர் கேட்டார். நிகான் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஏறும்போது என்னை நம்பித்தானே ஏறினாங்க” என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான்காம் ஞாயிறு சபை நடுவில் அவனைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்து, செத்தாலும் மண் உன்னைக் கரைக்காது என்று ஆயர் சபித்தார். அந்த மாசமே காய்ச்சல் வந்து நிகான் போய்விட்டான். விலக்கப்பட்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஊர் முழுக்க அறுவடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவளும் அவன் தம்பியும் பிணத்தை மீன்வலையில் சுருட்டிப் படகில் கொண்டுபோய், ஸோதிக்கோஸ் கல்லறையின் மூடுகல்லை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் நெம்பி உள்ளே இறக்கிவிட்டார்கள். நாணல் காட்டில் புதைத்துவிட்டோம் என்று ஊரில் சொன்னார்கள். தம்பியும் இப்போது இல்லை.

அவளை அரித்தது திருட்டுத்தனம் அல்ல, அந்தச் சாபம். லிம்னாராவில் செத்தவர்களைச் சில வருஷம் கழித்துத் தோண்டியெடுத்து, எலும்பை மதுவில் கழுவி அறையில் அடுக்குவது வழக்கம். அந்த வேலை அவளுடையது. எலும்பு மெழுகு நிறத்தில் சுத்தமாக வந்தால் ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் ரொட்டி பங்கிடுவார்கள். விலக்கப்பட்டவன் உடம்போ கரையாது, கறுத்து, முரசு மாதிரி உப்பி அப்படியே கிடக்கும் என்பார்கள். ஊரிலுள்ள எல்லோருடைய எலும்பையும் கையில் ஏந்தி, “நல்லாக் கரைஞ்சிருக்காங்க, கவலப்படாதீங்க” என்று சொன்னவளுக்குத் தன் புருஷன் கரைந்தானா என்று தெரியாது. விலக்கைக் கட்டிய ஆயர் பீடத்தால்தான் அதை அவிழ்க்க முடியும். லிம்னாரா ஆயர் போட்ட விலக்கை லிம்னாரா ஆயர்தான் எடுக்க முடியும். கோஸ்மாஸிடம் சொல்லிவிடலாம் என்று ஏழெட்டு முறை அவர் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். புனிதர் கல்லறையை உடைத்தவள் என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்குப் பீடமே போய்விட்டால் நிகான் கட்டுண்டவன் கட்டுண்டவன்தான். கல்லைத் தூக்கும்போது கறுத்த உடம்பாக அவன் கிடந்தாலோ, அவனும் போனான், அவளும் போனாள், ஊரும் போயிற்று.

ஆனாலும் ஏரிக்கரைக்கு நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பயம்தான். அதற்கு அடியில் வேறொன்று துள்ளியது. பத்தொன்பது வருஷம் கழித்து அவனைப் பார்க்கப் போகிறாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவள் இப்படி வேகமாக நடந்ததில்லை.

கரையில் கால் வைக்க இடமில்லை. மரக்கிளைகளில் ஆள், படகுகளில் ஆள், ஆலயக் கூரையில்கூட ஆள். கோஸ்மாஸ் பண்டிகை அங்கியைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, நெம்புகோல் பிடித்த ஆறு பேரையும் மாற்றி மாற்றி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். மேனாஸ் ஏட்டைப் பிரித்து வைத்திருந்தார். குண்டுக் குரு மூக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தூசாவைத் தாம்பாளத்தோடு முன்னால் தள்ளிவிட்டார்கள். கல் முனகியது, ஒரு சாண் நகர்ந்தது, பிறகு ஒரே மூச்சில் சரிந்தது.

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிய நேரத்தில் அவள் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

மேலே எலும்புகள். மெழுகு நிறம். தேன்கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த மெழுகு மாதிரி, ஒரு கறை கிடையாது, ஒரு நார் ஒட்டியிருக்கவில்லை. அவள் வாழ்நாளில் இத்தனை சுத்தமாகக் கரைந்த எலும்பைக் கண்டதில்லை. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் முந்தானையில் அமுக்கினாள். ஆயர் என்ன சபித்தாலும் ஆண்டவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரைந்துவிட்டான். அவள் படகுக்காரன் கரைந்துவிட்டான்.

“ரெண்டு தலை இருக்கு” என்றார் மேனாஸ்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அடியில் இன்னொருவர் கிடந்தார், மரக்கட்டை போலப் பழுப்பேறிய பழைய எலும்புகள், கணுக்காலருகே துருப்பிடித்த சங்கிலி வளையம், அதில் கோத்த ஓட்டைக் கல். காலில் கல் கட்டி ஏரியில் தள்ளினார்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஊர் சொன்னது பொய்யில்லை. அதைப் பார்த்ததும் கோஸ்மாஸ் குழந்தை மாதிரி கையைத் தட்டிவிட்டார். கூட்டம் எழுப்பிய ஓசையில் ஏரியிலிருந்த வாத்தெல்லாம் பறந்துபோயின. குண்டுக் குரு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார், ஆனால் விடவில்லை. அப்போ மேலே கிடப்பது யார் என்று கேட்டார். புனிதர் தலைமேல் எவனோ ஒருவனா?

மேனாஸ் முழங்காலிட்டு, மேலே கிடந்த விலா எலும்புகளுக்கிடையே விரலை விட்டு எதையோ பொறுக்கினார். சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். வலை மூழ்குவதற்காக ஓரத்தில் கட்டும் குண்டுகள். அந்தூசாவின் கையாலேயே உருக்கி வார்த்தவை.

மேனாஸ் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அந்த வறண்ட முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. ஆண்டவர் முதலில் அழைத்தது மீன் பிடிக்கிறவர்களைத்தானே என்றார். ஸோதிக்கோஸோடு ஒரு வலைக்காரச் சீடன் இருந்திருக்கிறான். குருவை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே உயிரைக் கொடுத்திருக்கிறான். எலும்பின் சுத்தத்தைப் பாருங்கள் என்றார். நிகானின் மண்டையோட்டை இரண்டு கையாலும் எடுத்து, துடுப்பு பட்டு முன்பல் உடைந்த அந்த வாய்க்கு மேலே, நெற்றியில் முத்தமிட்டார்.

எலும்பு கழுவுவதற்காக ஆலயத்தை ஒட்டிய சிறிய அறையில் திரை போட்டார்கள். வழக்கப்படி ஆயர் மட்டும் கூட நின்றார். அந்தூசா நிகானின் தோள் எலும்பை மதுவில் முக்கினாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும், ஊர் பிழைத்துவிடும். அவன் கரைந்துவிட்டான், அதையும் கண்ணால் பார்த்துவிட்டாள். ஆனால் சபை நடுவில் சொன்ன அந்தச் சொல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. சொன்ன பீடம் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

“சாமி, மேல கிடந்தது என் வீட்டுக்காரர்.”

கோஸ்மாஸுக்கு முதலில் புரியவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள், படகு, குயவன், விலக்கு, அறுவடை மத்தியானம், வலை. சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்து, வெளுத்து, திரும்பவும் சிவந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

“மேனாஸ் எந்தத் தலைக்கு முத்தம் குடுத்தாரு?”

“இவருக்குத்தான் சாமி.”

கோஸ்மாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தூசாவுக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு தாம்பாளத்தின் அருகே வந்து ஒரு கை எலும்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நான் அவுக்கிறதுக்கு இதுல என்னம்மா மிச்சம் இருக்கு? மேல இருக்கறவரு எப்பவோ அவுத்துட்டாரே.”

“தெரியுது சாமி. இருந்தாலும், கட்டின எடத்துலருந்து ஒரு வார்த்தை வரணும். அத என் காதால கேக்கணும்.”

திரைக்கு வெளியே கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. கோஸ்மாஸ் கழுத்தில் தொங்கிய பூசைப் பட்டையை எடுத்துத் தாம்பாளத்தின்மேல் விரித்தார். லிம்னாராவின் ஆயராகிய நான், என் பீடம் கட்டியதை அவிழ்க்கிறேன் என்று, பெயரைச் சொல்லி, இரண்டு முறை, தணிந்த குரலில் சொன்னார். அந்தூசா மதுவுக்குள் இருந்த கையை எடுக்காமலே அழுதாள்.

வெளியே வந்ததும் மேனாஸ் ஏட்டோடு காத்திருந்தார். லிம்னாராவின் ஆயர் பீடம் நிற்கும் என்று ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். ஆனால் புனிதர் பட்டியலில் சேர்க்க இரண்டாமவருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றார். பெயரில்லாமல் எப்படி எழுதுவார்கள் என்று குண்டுக் குரு கூடவே கேட்டார். கோஸ்மாஸ் பொய் சொல்லத் தெரியாதவர். சந்தோஷத்தைக்கூட மறைக்கத் தெரியாதவர்.

“பேரு ஆண்டவருக்குத் தெரியும். அப்படியே எழுதிக்குங்க” என்றார் கோஸ்மாஸ்.

அப்படி எழுதுவது வழக்கம்தான். கோயில் கட்டக் கல் கொடுத்தவர்கள், கொள்ளையில் செத்தவர்கள் என்று பெயர் தெரியாமல் போன எத்தனையோ பேரை அப்படித்தான் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். மேனாஸ் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

பட்டு விரித்த ஒரே கூடையில் இரண்டு தலையும் வைத்து, கோஸ்மாஸ் தன் தலைமேல் ஏந்திக் கரையோரமாக நடந்தார். இளையவர்கள் நாணலை வெட்டி வழியில் போட்டார்கள். மேனாஸ் உரக்கப் படித்தார், லிம்னாராவின் முதல் ஆயர், புனிதர் ஸோதிக்கோஸ். நினைவு என்றென்றைக்கும் நிற்கட்டும் என்று கூட்டம் மூன்று முறை முழங்கியது. பெலாகியா அந்தூசாவின் பக்கத்தில் நின்று, காய்ந்த மாவு உதிர உதிரக் கையை ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

“அவரோடு கிடந்தவர், ஆண்டவர் பெயர் அறிந்தவர்” என்று படித்தார் மேனாஸ்.

நினைவு நிற்கட்டும் என்று கூட்டம் கத்தியது. அந்தூசா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை கத்தியபோது அவளால் முடியவில்லை. பத்தொன்பது வருஷமாக ஊர் நடுவில் உச்சரிக்காத பெயரை, அத்தனை பேர் சத்தத்துக்கு நடுவில், அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள். “நிகான்!”

பெலாகியா சட்டென்று திரும்பினாள். அந்தூசாவின் முகத்தைப் பார்த்தாள். கரையோரம் மேலும் கீழும் அசைந்து போகும் கூடையைப் பார்த்தாள். மது காயாத அந்தூசாவின் கையைப் பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கூட்டம் மூன்றாம் முறைக்கு மூச்சிழுத்தது. பெலாகியாவும் மூச்சிழுத்து, அந்த ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அதே பெயரைத் தன் ரொட்டிக்கடைக் குரலில் கத்தினாள்.