‘இரண்டாம் சூடு’ பாடியவன்

கேமராவைக் கண்டால் சில பேருக்குப் புத்தி எங்கே போகுமோ தெரியாது. அன்புச்செல்வனுக்கும் அப்படித்தான் போய்த் தொலைந்தது. ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் ஃபியூஸும் ஒயரும் விற்றுக்கொண்டு சிவனே என்று இருந்த மனிதர். போன மாதம் பாண்டிச்சேரியிலிருந்து பாரதி என்றொரு பெண் கடைக்கே வந்துவிட்டாள். ‘சூளை’ என்ற ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர் நீங்கள்தானே என்று கேட்டாள். அவர்கள் 1997இல் போட்ட ‘இரண்டாம் சூடு’ என்ற இரண்டாவது கேசட்டை அவள் யூடியூபில் ஏற்றியிருந்தாள். அந்த நாளில் சீந்துவாரில்லாமல் கிடந்த கேசட்டை இப்போது ஒரு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்களாம்.

"அந்தக் குரலு மட்டும் எப்படி சார் அப்படி முழங்குது?" என்றாள், கேமராவை அவர் பக்கம் திருப்பி.

"ஆறிப்போன சூளைக்குள்ள பாடுறவர நிக்க வெச்சு ரெகார்டு பண்ணோம். சுத்தியும் செங்கல் சுவரு இல்ல? எக்கோ தானா வந்துச்சு."

"அடேங்கப்பா! சக்கரபாணி சார் சூளைக்குள்ளயா நின்னாரு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றுவிட்டார்.

பச்சைப் பொய். சக்கரபாணி பாடியது முதல் கேசட்டில். அதற்கு ஊரே ஆடியது. பிறகு அவன் சினிமா வாய்ப்புத் தேடி மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டான். பாட ஆளில்லாமல் முழித்தபோதுதான், பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்கிக்கொண்டே தொழிலாளி மாயவன் பாடியது அன்புச்செல்வன் காதில் விழுந்தது. ஆறு பாட்டையும் அவன்தான் பாடினான். கேசட் வரும் நேரத்தில் கடைக்காரர்கள், அட்டையில் சக்கரபாணி மூஞ்சி இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். பழைய போட்டோவைத் தேடி எடுத்து அச்சகத்தில் கொடுத்ததே அன்புச்செல்வன்தான். "அடுத்த கேசட்டுல உன் பேருதாண்டா பெருசா வரும்" என்று மாயவனிடம் சொன்னதும் அவர்தான். சக்கரபாணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று ஊர் சிரித்தது. கேசட் போணியாகவில்லை. அடுத்த கேசட் என்று ஒன்று வரவே இல்லை.

வீடியோ வெளிவந்த நாளிலிருந்து அன்புச்செல்வனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ லட்டு வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு நல்லூரில் இருந்த மாயவன் வீட்டுக்குப் போனார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். ஆசையைப் பாருங்கள்!

மாயவன் வாசலில் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பதறி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டான்.

"வாங்க சார். வழி தெரிஞ்சு வந்தீங்களா?"

"மாயவா... அந்த வீடியோ..."

"பாத்தேன் சார். நல்லா பேசுனீங்க." குத்தலே இல்லாத பேச்சு. வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பாட்ட எம் பொண்ணுதான் போன்ல போட்டுச்சு. இது நான் பாடுனதுன்னு சொல்லிட்டேன், வாய் சும்மா இருக்காம. அது உங்க வீடியோவக் காட்டி, ‘சும்மா அளந்து வுடாதப்பா’ன்னுச்சு. அதுலேர்ந்து அந்தப் பேச்சே எடுக்கறதில்ல சார்."

அன்புச்செல்வனுக்கு உள்ளங்கால்வரை கூசியது. லட்டுப் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

மாயவனின் மகள் வெண்பா, காலேஜில் படிப்பவள், டீ கொண்டுவந்தாள். வீடியோவில் பார்த்த முகம் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள். "சார், இவரு உங்க குழுவுல பாடுனேன்னு ஒரே பெருமை அடிக்கிறாரு. கொஞ்சம் கேளுங்க."

"அவருதாம்மா பாடுனாரு. ஆறு பாட்டும் அவருதான்."

சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "அப்ப வீடியோவுல ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"முப்பது வருசம் ஆவப்போவுது பாப்பா" என்று மாயவன் குறுக்கே புகுந்தான். "சாருக்கு மறந்திருக்கும்."

அன்புச்செல்வனின் தலை ஆமாம் என்று ஆடத் தொடங்கிவிட்டது. பாழாய்ப்போன தலை! அவர் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸை அவர் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான் மாயவன். அந்தக் கையைப் பார்த்ததும் ஆடிய தலையை நிறுத்தினார்.

"மறக்கலம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னிக்கி கவர்ல உங்கப்பா பேரு வராம பண்ணதும் நாந்தான்."

வெண்பா தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

சொன்னார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அவள் அதைப் பாரதிக்கு அனுப்ப உள்ளே போனாள்.

மாயவன் சைக்கிள் செயினை மறுபடி கையில் எடுத்தான். "அடுத்த கேசட்டுன்னு சொன்னீங்கல்ல சார்? ரெண்டு வருசம், தெனமும் வேலை முடிஞ்சப்புறம் சூளைக்குள்ள நின்னு பாடிப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க கூப்பிடற அன்னிக்கி தொண்டை தயாரா இருக்கணும்னு."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாயவா?"

"கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு சார்" என்றான் மாயவன்.