புகைபோக்கிக்கு ஒரு நாள் விடுப்பு

விடியுமுன்னே பாய்லரின் வயிற்றைக் காலி செய்தாக வேண்டும். நீண்ட கொக்கியால் இழுக்க இழுக்க, கங்கு கலந்த சாம்பல் அக்காவின் காலடியில் சரிந்தது. பல்லில் தூள் நறநறத்தது. அந்தச் சாயப்பட்டறையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

போன மாதம் முதலாளி புதிதாக நாலு மிஷின் இறக்கினார். துணி கூடினால் நீராவி கூட வேண்டும். நீராவி கூடினால் கரி கூட வேண்டும். தினம் பன்னிரண்டு வண்டிக் கரி பத்தொன்பதானது. துணி வாங்குபவர்களிடமோ, உற்பத்தியைக் கூட்டிப் புகையைக் குறைத்துவிட்டதாக அளந்துவிட்டிருந்தார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அவர் நிறுத்தியதெல்லாம் பாய்லர் அறையின் வெக்கையை வெளியே தள்ளும் மின்விசிறிகளைத்தான். மூன்றாம் நாள், அங்கே கரி தள்ளிக்கொண்டிருந்த அக்காவின் தம்பி மயங்கி உலைக்கதவில் சாய்ந்தான். வலது கை தோள்வரை வெந்துபோனது. அன்றுமுதல் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்று வாங்குபவர்கள் பார்வையிட வருகிறார்கள். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்னைக்கு நாலு வண்டி போதும். ரெண்டு மிஷின் ஓடட்டும். புகை கண்ணுல படக்கூடாது."

"மத்த நாள் படலாமுங்களா?"

"வாயைக் குறை. உன் தம்பி நிலைமை தெரியும்ல?"

"புண்ணுக்கு மருந்து போடுறதே நான்தான். ஃபேன் எப்ப ஓடும்?"

"முதல்ல ஆர்டர் வரட்டும்" என்று நடையைக் கட்டினார்.

கரி தள்ளும் மொட்டை பல்லைக் கடித்தான். "ஈரக் கரியைக் குவிச்சுப் போடுறேன்கா. ஊரே இருட்டாகட்டும்."

"வேண்டாம்டா. கூடுதலா ஒரு பிடி புகைகூட வேண்டாம். தினம் விடுறது எவ்வளவோ அதுவே அவனுக்குப் போதும்."

அவளே மிஷின்காரர்களிடம் போனாள். "எல்லாத்தையும் ஓட்டுங்க."

"வேலை போயிடும்கா."

"என் தம்பிக்குக் கையே போச்சு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு மிஷினாக உறுமியது.

பத்து மணிக்கு விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்தபோது புகைபோக்கி கரிய புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. முதலாளி ஓடிவந்தார். பின்னாலேயே அவர்களும் வந்தார்கள்.

"எவன்டா கரி போட்டது?"

"நான்" என்றான் மொட்டை.

"மிஷினை ஓட்டினது நாங்க." முழங்கைவரை சாயம் வடிய மிஷின்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

அக்கா விருந்தாளிகளிடம் திரும்பினாள். "நல்லா பாத்துக்குங்க. இவர் தொழில் வளர்ந்தது தினம் விடுற இந்தப் புகையிலதான்."

"மொத்தப் பேரையும் நாளைக்கே மாத்துறேன்."

"நாளைக்கு மாத்துங்க. இன்னைக்கு யாரு தள்ளுவா?" மொட்டையின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி முதலாளியிடம் நீட்டினாள். "ஃபேன் ஓடுற வரைக்கும் நாங்க தொடமாட்டோம். தம்பி வைத்தியமும் உங்க பொறுப்பு."

அவர் வாங்கவில்லை. நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை.