வேலை செய்யாதது ஏதாவது

மூன்றாம் வகுப்பு ஆசிரியை வெள்ளிக்கிழமைதோறும் செய்முறை வகுப்பு நடத்த முடிவெடுத்தார். "வீட்ல வேலை செய்யாதது ஏதாவது இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க. பிரிச்சுப் பார்ப்போம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

மறுநாள் மேசைமேல் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாம் குவிந்தன. வாலு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி மட்டும் தன் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்ல எல்லாம் நல்லா ஓடுது டீச்சர். வேலை செய்யாதது இவர் ஒருத்தர்தானாம். அம்மா சொன்னாங்க."

ஏதோ கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறாள் என்று நம்பி வந்த மாமா அசடு வழிந்தார். ஆசிரியை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"இவரை எங்கேருந்து பிரிக்கணும் டீச்சர்?" என்று முன்வரிசைச் சிறுமி ஸ்க்ரூடிரைவரோடு நெருங்கினாள்.

மாமா சட்டென்று அதைப் பிடுங்கிக்கொண்டார். "முதல்ல ரேடியோவைப் பிரிப்போம்மா" என்று, முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரை மொய்த்துக்கொண்டார்கள். மணி அடிப்பதற்குள் ரேடியோ அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. திரும்பப் பூட்டத்தான் அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த வாரம் வந்து பூட்டிக் குடுங்க" என்றார் ஆசிரியை.

பழகிப் பார்க்கிறேன் என்று மாமா அந்த வாரமே வீட்டு மிக்ஸியையும் மின்விசிறியையும் பிரித்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வாலுவின் அம்மாவே தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர்."