கஞ்சிக்கு நின்றவன்

போர் இலக்கியத் தொகுப்பின் கடைசி அச்சுப்படி மாத்தளை அச்சகத்து மேசைமேல் விரிந்து கிடந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், இறந்த தம்பி டிலக்ஷனைக் குறித்து ஆசிரியை மார்ஜரி பாடிய கையறுநிலை. மார்பிலே புண் ஏந்தி, பகைமுகம் நோக்கி, களிறு சாய்ந்தாற்போல் வீழ்ந்தான் என்று ஆசிரியப்பாவில் பதினாறு அடி. ஓர் அடியிலும் தளை தட்டவில்லை. ஓர் அடியிலும் உண்மை இல்லை.

இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குப் பேக்கரி வேலைக்குப் போனவன் டிலக்ஷன். 2009இல், போரின் கடைசி நாட்களில், கடற்கரையில், காலிப் பால்மா டின்னோடு கஞ்சி வரிசையில் நின்றான். "இன்னைக்காச்சும் உப்பு போட்டாங்களா?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டான். எறிகணை விழுந்தது. தப்பி வந்த அந்த மனிதரே மார்ஜரியிடம் சொன்னார். ஆனால் அவள் கற்ற மரபில் வென்றவனுக்கு வாகை உண்டு, பொருது மடிந்தவனுக்குத் தும்பை உண்டு. கஞ்சிக்கு நின்று செத்தவனுக்குப் பூ எதுவும் இல்லை. ஆகவே தம்பியின் டின்னைப் பிடுங்கிக்கொண்டு வேலொன்றைக் கொடுத்தாள்.

தொகுப்பின் முன்னுரைக்காக இருத்தலியல் நூல்களைப் படித்தபோதுதான் அது குத்தத் தொடங்கியது. பொருள் எங்கும் முன்கூட்டி எழுதப்படவில்லை; மனிதன் தேர்வதே பொருள், தேர்ந்ததற்கு அவனே பொறுப்பு. செபமாலையைக் கைவிடாத மார்ஜரி முதற்பாதியை ஏற்கவில்லை. பிற்பாதி அவளை விடவில்லை. பொய்யுரைத்தது ஆண்டவருமல்ல, மரபுமல்ல, அவளே.

"பாட்ட எடுத்துடுங்க. இதப் போடுங்க," என்று ஒரு தாளை நீட்டினாள்.

தொகுப்பாசிரியர் சசிக்குமாரின் முகம் சுண்டியது. "என்னங்க டீச்சர், டின்னு, கஞ்சி, உப்புன்னுட்டு? அதுல ஒரு கம்பீரம் இருந்துச்சு. அவரு செத்ததுக்கு என்ன அர்த்தம்னு வாசிக்கிறவங்க கேப்பாங்களே?"

"சாவுக்கு அர்த்தம் இல்லீங்க சார். அந்த எடத்துலயும் நின்னு உப்பு கேட்டான் பாருங்க, அதுக்கு இருக்கு."

"கடவுள் சித்தம்னு ஒரு வரியாச்சும்..."

"அவரு மேல பழி போட மாட்டேன். அவர்கிட்ட நான் தனியாச் சண்ட போட்டுக்கிறேன்."

அச்சக முதலாளி ரிஸ்வி கணினியிலிருந்து தலை நிமிர்த்தினார். "பக்கமெல்லாம் கட்டி முடிச்சாச்சு டீச்சர். இது அஞ்சு வரிதான். பாதிப் பக்கம் வெள்ளையாக் கெடக்கும்."

"கெடக்கட்டும். அவனுக்குக் கல்லறையும் இல்ல. அந்த எடமாச்சும் இருக்கட்டும்."

"பேருக்கு முன்னால 'வீரன்'னு மட்டும்..." என்று சசிக்குமார் இழுத்தார்.

"போடுங்க. அப்ப என் பேரையும் முன்னுரையையும் எடுத்துடுங்க."

சசிக்குமார் ரிஸ்வியைப் பார்த்துத் தலையசைத்தார். ரிஸ்வி வேல், களிறு எல்லாவற்றையும் ஒவ்வோர் அடியாக அழித்தார். ஐந்து வரி ஏறியது. கடைசி வரி டிலக்ஷனின் கேள்வி. சசிக்குமார் திரையருகே குனிந்து இருமுறை வாசித்தார்.

"அன்னைக்கு உப்பு போட்டிருந்தாங்களா டீச்சர்?"

"தெரியாதுங்க. அவன் முறை வரவே இல்ல." மார்ஜரி பழைய நாற்பத்தோராம் பக்கத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "ஆனா அவன் கேட்டத நீங்களும் கேட்டுட்டீங்க. இனி அச்சடிங்க."