மார்கழியில் வந்த லீவு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. குளிர்காலம் மனித வாழ்வுக்கு என்ன சொல்கிறது என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள், தலையாட்டிவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்றோ! முதல் வரி இப்படி வந்தது: "இலையுதிர்ந்த மரங்கள் மரணத்தை நினைவூட்டும்போது..."

எந்த மரம்? தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழியில் மொட்டையாக நிற்கிற மரத்தை யாராவது காட்டுங்கள், பார்ப்போம். இங்கே சம்பா பால் பிடிக்கிற காலம் அது. வரியை அடித்துவிட்டு, வயலில் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

2

ஷோபனா. ஒரத்தநாட்டுப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைக்கிறவள். கல்யாணமாகி, விவாகரத்தாகி, அம்மா அகிலாண்டத்தோடு இருக்கிறாள். மதிவாணன் அடுத்த தெருக்காரன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போனில் பேசிப் பேசியே இருவருக்கும் பிடித்துப்போயிற்று. (காதல் என்று எழுதியிருந்தேன். ஷோபனா அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள். எடுத்துவிட்டேன்.)

அங்கே வெயில் தணிந்தால்தானே ஏசிக்காரனை ஊருக்கு விடுவார்கள்? அவனுக்கு லீவு கிடைத்தது மார்கழியில், கல்யாணப் பேச்சையே யாரும் எடுக்காத மாதத்தில். தை பிறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது.

வரப்பில் வைத்துக் கேட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லு ஷோபனா. வீட்டுல நான் பேசிக்கிறேன்."

"மார்கழியில யாராச்சும் இதெல்லாம் பேசுவாங்களா? தை பொறக்கட்டுங்க."

"தையில நான் இங்க இருக்க மாட்டேனே."

அவள் குனிந்து ஒரு நெல்மணியை நசுக்கிப் பார்த்தாள். பால் வந்தது. அடுத்த கதிரைத் தொட்டாள்.

3

எனக்குள் இருக்கிற கட்டுரைக்காரன் இங்கே குறுக்கே வருகிறான்: குளிர்காலம் என்பது காத்திருப்பு, பயிர் அவசரப்படுவதில்லை, ஆகவே மனிதனும்...

போதும், நிறுத்தப்பா. இதே பனிதான் பயிரைக் கருக்குகிற குலைநோயையும் கொண்டுவருகிறது. காத்திருந்த கதிர் பதராய்ப் போனதும் உண்டு. ஷோபனா நிதானத்தால் காத்திருக்கிறாளா, பயத்தாலா? எழுதி எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.

4

அவன் கிளம்புகிற காலை. எதிர்வீடு தெரியாத பனி. வாசல் கோலத்தில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்த அகிலாண்டத்திடம் ஷோபனா வெடித்தாள்.

"மொதக் கல்யாணத்தத் தையிலதானே பேசுனீங்க? ஜோசியர், முகூர்த்தம் எல்லாம் பாத்துத்தானே? என்னத்த வாழ்ந்து கிழிச்சேன்?"

அகிலாண்டம் நிமிரவில்லை. "அதுக்காக மார்கழியில பேசி, இதுவும் போச்சுன்னா? ஊரு வாய மூட முடியுமாடி?" பூவைச் சரியாக வைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஷோபனா தெருவில் இறங்கி ஓடினாள்.

5

முடிவு ஒன்று: "தையில போன் பண்ணுங்க" என்கிறாள். (இதில் அவள் கோழையாகிறாள்.)

முடிவு இரண்டு: "சரி" என்கிறாள். உடனே பனி விலகிச் சூரியன்... (சே! இதில் நான் பொய்யனாகிறேன்.)

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கார் நகரத் தொடங்கியிருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். மதிவாணன் இறக்கினான். மூச்சிரைக்க நின்றாள்.

"திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகணுங்க, இந்தப் பனியில மெதுவாத்தான் ஓட்ட முடியும். சீக்கிரம் சொல்லுங்க" என்றான் டிரைவர்.

குளிர்காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். அந்த வார்த்தையோடு வாழப்போகிறவள் அவள்தான், அது மட்டும் நினைவிருக்கட்டும்.