ஆதரவு தர்றவங்க கை தூக்குங்க

மகளுக்குக் கடைவாய்ப்பல் குடைந்துகொண்டிருந்தது. பிடுங்கிக்கொள்ளப் போகலாமென்றால், மறதி நோய் வந்த அப்பாவை யாரிடம் விட்டுப் போவது? அதைக் கேட்கத்தான், வீங்கிய கன்னத்தோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பராமரிப்பாளர் ஆதரவுக் கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

மேடையில் நிபுணர் ஆதரவின் பரிமாணங்களை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். எந்தப் பரிமாணத்திலும் ஓர் ஆள் தட்டுப்படவில்லை. அவள் மெல்ல எழுந்தாள். "சார், நாளைக்குக் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்துக்க யாராவது வருவாங்களா?"

"கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்கம்மா. முதல்ல ஆதரவுன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும்."

'ஆதரவு' என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா விருட்டென்று எழுந்தார். காலமெல்லாம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். மகளின் பெயர் மறந்துவிட்டது. கூட்டம் நடத்துவது மறக்கவில்லை.

"தம்பி, பேசினது போதும், உட்காருப்பா. இந்தம்மா ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்காங்க. ஆதரவு தர்றவங்க கை தூக்குங்க."

அதட்டலுக்குப் பயந்து நாலைந்து கைகள் உயர்ந்தன. நிபுணரின் கையும் பாதி உயர்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் இறங்கியது.

"தூக்கினா மட்டும் போதுமா? நாளைக்கு யார் வர்றீங்க?" அப்பா விடவில்லை.

முன்வரிசையிலிருந்த தையல்காரர் சிரித்துவிட்டார். "நான் வர்றேன் ஐயா. எங்கம்மாவையும் கூட்டிட்டு வரட்டுமா? அவங்களுக்கும் இதே மறதிதான்."

அப்பா யோசித்தார். "கூட்டிட்டு வாங்க. ஆனா புது உறுப்பினர், ஓட்டு கிடையாது."