ஐந்து பாடங்களும் மனப்பாடம்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அம்மாவின் வேலை. எதையும் இரண்டு தடவை சொல்லியே பழகிப்போனவள். அந்தப் பழக்கத்தோடுதான் மகளுக்கு ஐந்து பாடங்களை வாயால் சொல்லிச் சொல்லி உருவேற்றியிருந்தாள். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காதில் விழுந்தது எதுவும் அவளுக்குத் தப்பாது. கண்ணில் படுகிற எழுத்துதான் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வகுப்பு டீச்சர் பாவம், ஒரு அறை நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர். படிக்கச் சொன்னால் கடகடவென்று படிக்கிறாள், எழுதச் சொன்னால் தாள் வெள்ளையாக வருகிறது, சுத்தச் சோம்பேறி என்று முடிவுகட்டியிருந்தார். இருந்தாலும் மனசு கேட்காமல் சோதனைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சோதனைதான் இன்று. வருஷத்துக்கு ஒருமுறை சிறப்பு டீச்சர் வந்து, தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பார். பிடிபட்ட பிள்ளைகளைக் கடைசி அறையில் ஒதுக்கிவைத்து, பிறகு வேறு பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அம்மாவின் காதில் யாரோ ஓதியிருந்தார்கள். ஓதியவர்கள் நன்றாயிருக்கட்டும். என் பெண்ணை ஒதுக்க விடமாட்டேன் என்று அம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். சோதனைக்குப் பாடப்புத்தகத்தைத்தான் வைப்பார்கள் என்றும் விசாரித்து வைத்திருந்தாள். பக்கத்தின் மேலே இருக்கும் படத்தைப் பார்த்தால் எந்தப் பாடம் என்று வாயாடிக்குத் தெரிந்துவிடும். மீதியை வாய் பார்த்துக்கொள்ளும்.

சிறப்பு டீச்சர் ஆமைப் படம் போட்ட பக்கத்தைத் திறந்து வைத்தார். காலையிலிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. வகுப்பு டீச்சர் சுவரோரம் நின்றார். அம்மா கதவருகே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

வாயாடி ஆரம்பித்தாள். பிசிறு தட்டாமல் வந்தது. மூன்றாவது வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். சிறப்பு டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லிக்கொடுக்கும்போது தான் இரண்டு தடவை சொன்ன வாக்கியம் அது என்று அம்மாவுக்கு உறைத்தது. வாய் பாடத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. விரல் இன்னும் இரண்டாவது வரியில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. டீச்சர்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விரலைக் கவனிக்கவில்லை.

"நல்லாப் படிக்கிறாளே," என்றார் சிறப்பு டீச்சர்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எழுதத்தான் உடம்பு வணங்கல," என்றார் வகுப்பு டீச்சர்.

வாயாடி திரும்பி அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பாடா என்று எழுந்தவள், வாய் சும்மா இருக்காமல் கேட்டுவைத்தாள்.

"படிக்க வராத பிள்ளைங்களை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவீங்களாமே?"

"யாரு சொன்னா?" சிறப்பு டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. "இதே கிளாஸ்லதான் இருப்பாங்க. தினம் கொஞ்ச நேரம் நான் கூட உக்காந்து எழுத்திலிருந்து சொல்லிக்குடுப்பேன். பரீட்சையில கேள்வியைப் படிச்சுக் காட்ட ஆள் வைப்போம். உங்க பொண்ணுக்கு அதெல்லாம் தேவையில்ல. எழுதாம ஏமாத்தினா கொஞ்சம் கண்டிச்சு வைங்க, அவ்வளவுதான்."

அம்மாவின் கால் நகரவில்லை. கண்டிக்கவா? சோம்பேறி என்ற பெயர் இன்னும் ஒரு வருஷம் ஒட்டிக்கொள்ளுமா? அதற்குள் எத்தனை வெள்ளைத் தாள், எத்தனை திட்டு? தன் கையாலேயே பிள்ளைக்கு வருகிற உதவியைத் தட்டிவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நிற்கிற குழந்தையை, அவள் டீச்சர் முன்னாலேயே எப்படித் தலைகுனிய வைப்பது?

வாயாடி பையை மாட்டிக்கொண்டாள். சிறப்பு டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"வேற ஏதாவது குடுத்துப் படிக்கச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "புத்தகத்துல இல்லாதது."

வாயாடியின் முகம் வெளிறியது. "அம்மா, வேணாம்மா."

சிறப்பு டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு சின்ன வாக்கியங்கள் எழுதி மேசையில் வைத்தார். படம் இல்லை. வாயாடி தாளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு துணிந்து, வேறு வழி தெரியாமல், ஆமைப் பாடத்தையே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வகுப்பு டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்டா கண்ணு," என்றார் சிறப்பு டீச்சர்.

அம்மா மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "தப்பு அம்மா மேலதான். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றாள். மகள் கையால் அடி விழுந்தால்கூடத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

வாயாடி அழவில்லை, கோபப்படவும் இல்லை. அம்மாவின் காதருகே குனிந்து, மற்ற யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ இனிமே தெரியலைன்னு சொல்லலாமாம்மா?"